கோப்பை வாங்கிய குண்டூசி

ஒரு வீடியோ கேமில் எந்நேரமும் தாவிக்கொண்டே இருக்கும் தவளை வீரன் ஒருவன் உண்டு. வேஷ ஊர்வலத்துக்காக இளவழகி அவனுடைய உடையைத் தைத்தாள். பச்சைத் துணியைக் குண்டூசி பிடித்துக்கொள்ள, தையல் மிஷின் ஓட்டிக்கொண்டே போனது.

"நான் தைத்து முடிக்கிற வரைக்கும்தான் உனக்கு வேலை. அப்புறம் டப்பாதான்" என்றது மிஷின்.

குண்டூசிக்குச் சுருக்கென்றது. மற்ற குண்டூசிகளை இளவழகி உருவியபோது, அது மட்டும் கால்சட்டையின் பின்பக்க மடிப்பில் மூச்சுக் காட்டாமல் பதுங்கிக்கொண்டது.

ஊர்வலத்தில் அந்த உடையைப் போட்டுக்கொண்டு நடந்த இளவழகி அடிக்கொரு தரம் துள்ளினாள். நடுவர்கள் சொக்கிப்போய் முதல் பரிசுக் கோப்பையைக் கொடுத்தார்கள்.

"ஒரு தையல்கூடப் பிரியவில்லை, பார்த்தாயா?" என்றது மிஷின்.

"துள்ள வைத்தது யார் அண்ணே?" என்றது குண்டூசி.



அதன்பிறகு குண்டூசிக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்த வருஷம் சாம்பல் நிறத் துணி வந்ததும், தானாகவே பழைய இடம் பார்த்துப் படுத்துக்கொண்டது.

இந்த முறை வேஷம், கோட்டை வாசலில் இமைகூட அசைக்காமல் நிற்கும் கல் காவலன். மிஷினுக்கு அது தெரியும். ஆனாலும் வாயைத் திறக்காமல், கடகடவென்று தைத்துக்கொண்டே போனது.