நூறாவது வேலி

மைசூரு கல்லூரிக்கு புராஜெக்ட் வைவா நடத்த வந்த வெளித்தேர்வாளர் மல்லேசப்பா, மசால் தோசையை முடித்துவிட்டு மாணவி ஸ்பூர்த்தியின் அறிக்கையைப் புரட்டினார். 'லகோரி' என்ற பெயரைக் கண்டதும் முகம் சுளித்தார். பிரவுசரில் ஓடும் விளையாட்டைக் கற்றுக்குட்டிகள்கூட நாலு வரியில் எழுத உதவும் ஆயத்த நிரல்களின் தொகுப்பு, இலவச லைப்ரரி அது.

"ஏம்மா, இன்ஜினியரிங் கடைசி வருஷத்துல சின்னப்பிள்ளைங்க லைப்ரரியா? வெக்கமா இல்ல?"

"சார், அந்த லைப்ரரிய..."

"பேசாத! உங்களுக்கெல்லாம் ஊட்டிவிட்டாத்தான் இறங்கும். இதப் பாரு."

தன் லேப்டாப்பை அவள் பக்கம் திருப்பினார். திரையில் ஒரு கோழி வேலி தாண்டி ஓடிக்கொண்டிருந்தது.

"ஒவ்வொரு வரியும் என் கையால எழுதினது. போன மாசம் சிறந்த ஆசிரியர் விருதே இதுக்குத்தான் குடுத்தாங்க."

ஸ்பூர்த்தி சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "நூறு வேலி வரைக்கும் ஆடியிருக்கீங்களா சார்?"

"எனக்கு ஏது அதுக்கெல்லாம் நேரம்? நீயே ஆடு."

ஆடினாள். நூறாவது வேலியைத் தாண்டிய கோழி நின்று திரும்பிப் பார்த்தது. அதன் தலைக்கு மேல் எழுத்துகள் முளைத்தன:

'இது லகோரியின் மாதிரி விளையாட்டு. இந்த வரியை அழித்துவிட்டு உங்கள் பெயரைப் போட்டுக்கொள்ளுங்கள். அன்புடன், லகோரியை உருவாக்கிய ஸ்பூர்த்தி.'

மல்லேசப்பா அதை இரண்டு முறை படித்தார். கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்தார். நாற்காலியை அவள் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

"அழிக்க வேண்டிய அந்த வரி எங்கம்மா இருக்கு?"