இன்னொரு தொட்டி

ராணியின் பின்னங்காலைக் கவ்விக்கொண்டு, விடுவேனா என்றிருந்தது குண்டன்.

"மாப்பிள்ளை, ஓடி வாங்க!"

அத்தை போட்ட சத்தத்தில், வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த லிஃப்ட் மெக்கானிக் ஒரு காலில் ஷூவும் ஒரு காலில் வெறும் சாக்ஸுமாக ஓடி வந்தான்.

கூடத்துக் கண்ணாடித் தொட்டியில் தண்ணீர் கலங்கிப் போயிருந்தது. இரண்டு ஆமைகளும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு சுற்றின. ராணியின் காலிலிருந்து நூல் மாதிரி ரத்தம்.

அத்தை கையை விட்டுப் பிடுங்கப் போனார்.

"இழுக்காதீங்க அத்தை, சதையோட வந்துடும். தண்ணிக்குள்ளயே வச்சிருப்போம். அதுவா விடும்."

இரண்டு கைகளையும் உள்ளே விட்டு இரண்டையும் அடியில் தாங்கிக்கொண்டான். சட்டைக் கை முழங்கை வரை நனைந்தது.

பாதி வழியில் நின்றுபோன லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்களிடம் வெளியிலிருந்து பேசுவானே, அதே குரலில் குண்டனிடம் பேச ஆரம்பித்தான். ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல. பயப்படாதீங்க. இதோ இப்பத் திறந்துடும்.

கடித்தவனுக்கு எதற்கு ஆறுதல் என்று அத்தைக்குக் கோபமாக வந்தது. ஆனாலும் மூச்சுக் காட்டாமல் பக்கத்தில் குனிந்து நின்றார்.

குண்டனின் வாய் மெல்லத் திறந்தது.

அத்தை ராணியை வாரியெடுத்து, துணி துவைக்கிற பிளாஸ்டிக் டப்பில் விட்டார். பஞ்சில் மருந்து தொட்டு வைத்தார். "அடி என் தங்கமே, எரியுதாடி" என்று அதனிடம் கேட்டுக்கொண்டே இருந்தார்.

குண்டன் இந்த வீட்டில் எட்டு வருஷமாக இருப்பது. தனிக்காட்டு ராஜாவாக வளர்ந்தது. ராணி மூன்று மாதத்துக்கு முன்னால் வந்தது. அத்தை ஒரு பெட்டியோடும் ஒரு பக்கெட்டோடும் வந்து இறங்கினார், பக்கெட்டுக்குள் ராணி. அவருடைய சொந்தத் தொட்டி வண்டியில் வரும்போதே விரிசல் விட்டிருந்தது. சரி, இரண்டும் ஒன்றாகவே இருக்கட்டும் என்று இங்கே விட்டார்கள்.

முதலில் குண்டன் ராணியின் முகத்துக்கு நேராக நகங்களைப் படபடவென்று ஆட்டியது. "பாருங்களேன், என்னமா கொஞ்சுது!" என்று அத்தை வாய் கொள்ளாமல் சிரித்தார்.

அந்தக் கொஞ்சல் கொஞ்ச நாளில் முட்டலாக மாறியது. தீனியைப் பிடுங்கியது. வெயில் காய ஏறிய ராணியைக் கல்லிலிருந்து கீழே தள்ளியது. இவர்களும் இன்னொரு கல் வைத்துப் பார்த்தார்கள், தனித்தனியாகத் தீனி போட்டுப் பார்த்தார்கள். ஒன்றும் பலிக்கவில்லை.

இப்போது அவன் கால்நடை டாக்டருக்குப் போன் போட்டான். ராணியை உடனே கூட்டிவரச் சொன்னவர், "இனிமே எந்தக் காலத்துலயும் ரெண்டையும் ஒண்ணா விடாதீங்க" என்றார். அதுகள் மேல் தப்பில்லையாம். தனியாக வாழ்கிற ஜீவனை நாம்தான் ஜோடி சேர்த்துவிட்டோமாம்.

அத்தை புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டார்.

"அப்ப வந்தவங்கதான் போகணும். டாக்டர்கிட்ட காட்டிட்டு நாங்க ரெண்டு பேரும் கிளம்பறோம் மாப்பிள்ளை. குண்டன் நிம்மதியா இருக்கட்டும்."

அந்த 'நாங்க' அவனுக்குச் சுருக்கென்றது.

காலிலிருந்த ஒற்றை ஷூவையும் கழற்றிப் போட்டுவிட்டு, வேலைக்கு வரவில்லை என்று போனில் சொன்னான். பிறகு கூடத்துச் சுவரை ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைவரை சாணால் அளந்தான்.

"டிவியை எடுத்துட்டா இன்னொரு தொட்டி தாராளமா வைக்கலாம்."

"அப்ப என் சீரியல்?" என்றார் அத்தை, சட்டென்று.

கேட்ட பிறகுதான் கிளம்புவதாகச் சொன்னது அவருக்கே நினைவு வந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டார். அவன் டப்பைப் பார்த்துச் சிரித்துக்கொண்டான்.

டாக்டரிடம் போய் ராணிக்குக் கட்டுப் போட்டுக்கொண்டு வந்ததும், கண்ணாடிக் கடைக்காரர் அளவெடுக்க வந்தார். வாய் ஓயாத மனிதர். டேப்பை இழுத்தபடியே சமையலறைப் பக்கம் கண்ணைக் காட்டினார்.

"அம்மாவா?"

"அத்தை."

"அப்பா கூடப் பிறந்தவங்களா?"

"இல்ல. எனக்குப் பொண்ணு கொடுத்தவங்க."

"ஓ. வீட்டுக்காரம்மா வேலைக்குப் போயிருக்காங்களாக்கும்."

அவன் நடந்ததைச் சொன்னான். மறைக்க ஒன்றுமில்லை, இதுவரை யாரும் கேட்டதில்லை, அவ்வளவுதான்.

அவனும் அவளும் பிரிந்து இரண்டு வருஷம் ஆகிறது. அவள் வேறு கல்யாணம் செய்துகொண்டு வேறு ஊரில் நன்றாகவே இருக்கிறாள். இங்கே இவன் டைபாய்டில் ஆளில்லாமல் கிடக்கிறான் என்று எப்படியோ காதில் விழுந்து, பார்த்துக்கொள்ள வந்தவர்தான் அத்தை. காய்ச்சல் எப்போதோ இறங்கிவிட்டது. ஊருக்குப் போகிற பேச்சை அவரும் எடுக்கவில்லை, இவனும் எடுக்கவில்லை.

கடைக்காரரின் டேப் சர்ரென்று சுருண்டு உள்ளே போனது.

"டைவர்ஸ் ஆயிடுச்சுன்னா, அப்புறம் இவங்க எப்படி சார் உங்களுக்கு அத்தை?"

அவன் டப்புக்குள் கையை விட்டு ராணியின் ஓட்டை ஒரு விரலால் தடவிக் கொடுத்தான்.

"டைவர்ஸ் அவகூடதானே ஆச்சு."

சமையலறையில் உருண்டுகொண்டிருந்த பாத்திரச் சத்தம் நின்றது.

அங்கிருந்து அத்தையின் குரல் வந்தது.

"மாப்பிள்ளை, அளவை நல்லாப் பெரிசாவே சொல்லுங்க. ராணி இன்னும் வளரும்."