எடுத்துவிட்ட பாட்டு

விளக்குப் பாட்டு ஆரம்பிச்சதுதான் தாமதம், சுருதி டீச்சர் விருட்டுனு எழுந்து வெளியே போயிட்டாங்க. நாலாவது வியாழக்கிழமையா இதே கதை.

எங்க சர்ச்சுல வியாழன் சாயங்காலம் புதுசா ஒரு கூட்டம் நடக்குது. முதல்ல பைபிள் வாசிப்போம். அப்புறம் மத்த மதத்துக்காரங்களோட வேண்டுதல் ஒண்ணு ரெண்டு. மருந்துக்கடை அக்கா வந்து, அவங்க வீட்டுல விளக்கேத்தும்போது பாடுற பாட்டைப் பாடுவாங்க. கடைசியா பத்து நிமிஷம் எல்லாரும் கண்ணை மூடிப் பேசாம உட்காருவோம்.

டீச்சர் எங்க பாடகர் குழுவுக்குத் தலைவி. "சுருதி சரியில்லை"ன்னு மேஜையைத் தட்டித் தட்டியே பாதிப்பேரை அழ வெச்சவங்க. அவங்க அப்பா இதே சபையில இருபது வருஷம் மூப்பரா இருந்து நிர்வாகம் பார்த்தவர்.

"மூப்பர் வீட்டுப் பொண்ணு. இதெல்லாம் ஒத்துக்குவாங்களா?"ன்னு பாஸ்டர்கிட்ட பத்தவெச்சது நான்தான். சர்ச் ஆபீஸ்ல நிகழ்ச்சித் தாள் டைப் அடிக்கிறவ நான். எதுக்காவது அபிப்பிராயம் சொல்லாட்டி எனக்குத் தூக்கம் வராது.

பாஸ்டர் நெத்தியைத் தேய்ச்சார். "அவங்க வாயைத் திறந்து ஒண்ணும் சொல்லலையேம்மா?"

"சொல்லணுமா ஐயா? முதுகைக் காட்டிட்டுப் போறாங்களே, அது போதாதா? நாளைக்குப் பாடகர் குழுவையே விட்டுட்டுப் போயிட்டா?"

"மத்தவங்க மனசை மதிக்கத்தான் இந்தக் கூட்டமே. நம்ம டீச்சர் மனசை நோகடிச்சிட்டு நடத்துறது என்ன நியாயம்?" நிகழ்ச்சித் தாளைத் தன் பக்கம் இழுத்தார். "சரி, அந்தப் பாட்டை எடுத்துடு."

எடுத்துட்டேன். மருந்துக்கடை அக்காவுக்கும் போன் பண்ணி, "இந்த வாரம் சிரமப்படாதீங்க"ன்னு பக்குவமா சொல்லி வெச்சேன். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கிட்டேன்.

அஞ்சாவது வியாழன். வேண்டுதல் முடிஞ்சதும், அடுத்தது பாட்டுதான்னு டீச்சர் முன்கூட்டியே எழுந்து போயிட்டாங்க. தாளைப் பார்க்கவே இல்லை. நாங்க கண்ணை மூடி உட்கார்ந்துட்டோம்.

ரெண்டு நிமிஷம் ஆகியிருக்கும். ஜன்னலுக்கு வெளியேயிருந்து டீச்சர் குரல்.

"என்னாச்சு? பாட்டு எங்கே?"

கண்ணைத் திறந்தேன். ஜன்னல் கம்பிக்குள்ள கையை விட்டு, போனை உள்பக்கமா நீட்டிக்கிட்டு நிக்கிறாங்க.

"உங்களுக்காகத்தான் டீச்சர் எடுத்துட்டோம்"னேன், பெருமையா.

"எனக்காகவா?"

அவங்க முகம் வாடிப்போச்சு. அதுக்குள்ள போன்ல அவங்க தம்பி குரல். "அக்கா, இன்னும் ஆரம்பிக்கலையா? அம்மா போனையே பார்த்துட்டு உட்கார்ந்திருக்காங்க."

பாஸ்டர் ஜன்னல்கிட்ட போனார். "என்ன டீச்சர் இது?"

"அது எங்கம்மா பொறந்த வீட்டுப் பாட்டு ஐயா. கல்யாணத்துக்கு முன்னாடி அவங்க வேற மதம். அப்பாவைக் கட்டிக்கிட்டு இங்க வந்தப்புறம் ஒரு நாள்கூட அதை முணுமுணுத்ததில்லை. இப்ப எல்லாமே மறந்துபோச்சு. என்னையே யாருன்னு கேக்குறாங்க." டீச்சர் கண்ணைத் துடைச்சாங்க. "முதல் வியாழன் தம்பி போன் வந்துச்சுன்னு வெளியே வந்து பேசிக்கிட்டிருந்தேன். போன் வழியா பாட்டு போயிருக்கு. முடிஞ்சதும் 'பாப்பா'ன்னு கூப்பிட்டாங்க ஐயா. ரெண்டு வருஷம் கழிச்சு. அந்த ஒரு வார்த்தைக்குத்தான் வாரம் பூரா காத்துக்கிட்டிருக்கேன். பதிவு பண்ணிப் போட்டா திரும்பிக்கூடப் பார்க்க மாட்டேங்கறாங்க."

"உள்ளே உட்கார்ந்தே கேக்க வெச்சிருக்கலாமே?"

"மூப்பர் சம்சாரத்துக்கு இன்னும் பழசு விடலைன்னு பேசமாட்டாங்களா?"

என்னைப் பார்த்துச் சொன்ன மாதிரியே இருந்தது. நான் பேசியிருப்பேன்தான்.

அவசரமா மருந்துக்கடை அக்காவுக்குப் போன் போட்டேன். எடுக்கலை. என் வாயில மண்ணைப் போடணும்னு தோணுச்சு.

"நீங்களே பாடுங்க டீச்சர்"னார் பாஸ்டர். "உள்ளே வந்து பாடுங்க."

வந்தாங்க. மேஜை மேல போனை வெச்சு, ஸ்பீக்கரைப் போட்டு, ஆரம்பிச்சாங்க. குரல் நடுங்கி, சுருதி எங்கேயோ போயிடுச்சு. நாங்க யாராவது அப்படிப் பாடியிருந்தா மேஜை ரெண்டா உடைஞ்சிருக்கும்.

பாடி முடிச்சாங்க. போன்ல சத்தமே இல்லை. டீச்சர் கையைப் பிசைஞ்சுக்கிட்டு அதையே பார்த்துக்கிட்டு நின்னாங்க.

அப்புறம் அந்தப் பக்கம் யாரோ கட்டில் சட்டத்தை டொக்கு டொக்குனு தட்டுற சத்தம் கேட்டது.

"சுருதி சரியில்லை, பாப்பா."