பன் வேண்டாம்

அண்ணன் என் தட்டிலிருந்த பன்னைத் திரும்ப எடுத்துக் கடித்ததும், முதலில் கை தட்டியது நான்தான்.

லிஃப்ட் பழுது பார்க்கிற ஆட்கள் நாங்கள். அண்ணன் மூத்த மெக்கானிக். அவருக்கு அடுத்தவன் நான். மூன்றாவது, வேன் ஓட்டுகிறவர். வேலை எந்தத் தெருவிலோ, மதியச் சாப்பாடு அந்தத் தெரு உணவகத்தில்.

அண்ணனுக்கு நாங்கள் வைத்த பெயர் டன். எட்டுப் பேர் ஏறலாம் என்று லிஃப்ட்டுக்குள் எழுதியிருந்தால், “அண்ணன் வந்தா அஞ்சு பேர்” என்போம். அவரும் சேர்ந்து சிரிப்பார்.

மூன்று மாதத்துக்கு முன் திடீரென்று வாயைக் கட்டினார்.

அரிசி கிடையாது. ரொட்டி கிடையாது. உருளைக்கிழங்கு, சர்க்கரை எதுவும் கிடையாது.

உணவகத்தில் உட்கார்ந்ததும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு மெனு அட்டையைப் படிப்பார். பிறகு பரிமாற வந்தவரிடம் விசாரணை நடக்கும். சூப் கெட்டியாவதற்கு மாவு கரைத்து ஊற்றினீர்களா? கோழி மேல் தடவியிருப்பதில் இனிப்பு உண்டா? ஒரு கடையில் சமையல்காரரே கரண்டியோடு வெளியே வந்து, யாரப்பா அது என்று ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார்.

பன்னுக்குள் கோழி வைத்துத் தருவதுதான் பல கடைகளில் கிடைக்கும். அதைப் பிரித்து, பன்னை என் தட்டில் வைத்துவிட்டு, கோழியையும் இலைகளையும் மட்டும் முள்கரண்டியால் குத்திக் குத்திச் சாப்பிடுவார். மூன்று மாதத்தில் அவருக்குப் பதினோரு கிலோ குறைந்தது. எனக்கு நான்கு கிலோ ஏறியது.

நாங்கள் கிண்டல் செய்யாத நாளில்லை. “இந்த வயசுல யாருக்குண்ணே இந்த அழகு?” என்பார் வேன்காரர். அண்ணன் மென்றுகொண்டே, “இன்னும் கொஞ்சம்தான்டா” என்பார். அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது.

அன்று ஆறு மாடிக் கட்டடம் ஒன்றில் லிஃப்ட் கதவு சரியாக மூடவில்லை. வேலையைப் பாதியில் நிறுத்தி, ‘பழுது’ அட்டையைத் தொங்கவிட்டு எதிர்க் கடைக்கு வந்திருந்தோம். எள் தூவிய பன் வழக்கம்போல என் தட்டுக்கு வந்தது.

அப்போது அவர் போன் அடித்தது. “மாப்பிள்ளை” என்றபடி எழுந்து வெளியே போனார். தங்கச்சியின் கணவர்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று பேசினார். பேசினார் என்று சொல்ல முடியாது, கேட்டார். பேச்சு முடிந்து திரை இருண்ட பிறகும் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

உள்ளே வந்தார். உட்கார்ந்தார். கையை நீட்டி என் தட்டிலிருந்த பன்னை எடுத்துக் கடித்தார்.

அதற்குத்தான் கை தட்டினேன். வேன்காரர் விசிலே அடித்துவிட்டார். பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சற்று முன் அண்ணனின் விசாரணையில் நொந்துபோயிருந்த பரிமாறும் அம்மா, சிரித்துக்கொண்டே ஒரு கிண்ணம் உருளைக்கிழங்கு வறுவலைக் கேட்காமலே கொண்டுவந்து வைத்தார்.

அதையும் சாப்பிட்டார். ருசித்துச் சாப்பிடுகிற முகமில்லை. மாத்திரை விழுங்குகிற முகம்.

நான் விடவில்லை. “என்னண்ணே, விரதம் முடிஞ்சுதா?”

“முடிஞ்சுதுடா.”

வாயில் இருந்ததை விழுங்கிவிட்டு மீதியைச் சொன்னார்.

தங்கச்சிக்குக் கல்லீரல் கெட்டுப்போயிருந்தது. சொந்தத்தில் பொருந்தியது இவருடையது ஒன்றுதான். ஆனால் அதில் கொழுப்பு அதிகம். குறைத்துக்கொண்டு வாருங்கள், ஒரு பகுதியை எடுத்து அவளுக்கு வைக்கலாம் என்று டாக்டர்கள் சொல்லியிருந்தார்கள். இன்னும் இரண்டு கிலோ பாக்கி. இன்று காலை பார்த்துவிட்டு, இனி ஆபரேஷனை அவள் உடம்பு தாங்காது, யாருடையதும் வேண்டாம் என்றுவிட்டார்களாம்.

எந்தப் பாகம் போயிருக்கிறது என்று கட்டடத்துக்காரரிடம் விளக்குவாரே, அதே குரலில் இதைச் சொன்னார்.

வேன்காரர் தலையைக் குனிந்துகொண்டார். தட்டின கைகளை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. மேசைக்குக் கீழே கொண்டுபோனேன்.

“எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேண்ணே.”

“சொல்லியிருந்தா கிண்டல் பண்றத நிறுத்தியிருப்பீங்க.”

கிண்ணம் காலியாகிவிட்டிருந்தது. அவர் கை ஒரு முறை கிண்ணத்தின் அடியைத் தொட்டுவிட்டு வந்தது.

இப்போதே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், வேனில் கொண்டுவிடுங்கள் என்றார். அவளுக்கு இன்னும் எதுவும் தெரியாது. சொல்ல வேண்டாம் என்று மாப்பிள்ளை கெஞ்சியிருக்கிறார். போனதும் அவள் முதலில் கேட்பது, இன்றைக்கு என்ன சாப்பிட்டாய் என்பதைத்தானாம்.

கையைத் துடைத்தார். வாயைத் துடைத்தார். சட்டையை உதறிவிட்டு மறுபடியும் வாயைத் துடைத்தார். பிறகு, முகம் கழுவிவிடச் சொல்லும் குழந்தைபோல, தன் முகத்தை என் பக்கம் நீட்டினார்.

“ஏதாவது ஒட்டியிருக்கா பாருடா. கண்டுபிடிச்சிடுவா.”

மீசையில் ஓர் எள் ஒட்டியிருந்தது. எடுத்துவிட்டேன்.