பலகையை விட்டு இறங்கக் கூடாது

எண் இறங்குகிறது!

அவள் கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தாள். சதுப்பின் மேல் கவிழ்த்திருக்கும் கண்ணாடிப் பெட்டிக்குள் எவ்வளவு கரியமில வாயு இருக்கிறது என்று காட்டும் எண். போன மழைக்கு முன்பு இதே இடத்தில் அளந்தபோது விறுவிறுவென்று ஏறியது. வெட்டிக் காயப்போட்ட சதுப்பு அப்படித்தான் வாயுவைக் கக்கும்.

இப்போது இறங்குகிறது.

ஐயோ, குதிக்க வேண்டும் போலிருக்கிறது.

குதிக்கக் கூடாது. பலகை மேல்தான் நிற்க வேண்டும். சேற்றை மிதித்தால் உள்ளே அடைந்து கிடக்கும் வாயு குமிழ் விட்டு வெளியே வந்துவிடும். அளவே கெட்டுப்போகும். இந்தச் சட்டத்தைப் போட்டவளே அவள்தான்.

எதிர்ப் பலகையில் போஜன் நின்றிருந்தார். நிலத்துக்காரர். இந்தக் கறுப்பு மண்ணை வெட்டி ஊட்டிப் பக்கத்துப் பூந்தொட்டிகளுக்கெல்லாம் விற்றவர். அவளுடைய நச்சரிப்புத் தாங்காமல்தான் ஒரே ஒரு மழைக்காலத்துக்கு வடிகாலை அடைத்துத் தண்ணீரை நிற்கவிட்டார்.

"செத்த மண்ணுங்க மேடம் இது. மூச்சை உள்ள வாங்குதுன்னு காட்டுங்க, அடைச்சது அடைச்சபடி இருக்கட்டும்" என்று அன்றே சொல்லியிருந்தார்.

காட்டாவிட்டால் இன்றைக்கே திறந்துவிடுவார். கையோடு மண்வெட்டி கொண்டு வந்திருக்கிறார், மனிதர்!

மூடுபனி விலகி வெயில் சுள்ளென்று அடித்தது. பெட்டிக்குள் புதுப் பாசி பச்சைப்பசேலென்று தெரிந்தது.

எண் இன்னும் இறங்கியது.

"அண்ணா, வாங்குது! உள்ள வாங்குது!"

திரையை அவர் பக்கம் திருப்பினாள். அவர் எட்டிப் பார்த்தார்.

ஏதாவது சொல்லித் தொலையுங்களேன்!

அளந்து முடித்த கருவி கீக் என்று கத்தியது. அவ்வளவுதான். அதற்கு மேல் அவளால் முடியவில்லை. குதித்துவிட்டாள்.

தொபுக்.

முழங்கால் வரை சேறு. போன வருடம் இதே தரையில்தான் போஜன் ஜீப்பை ஓட்டிக்கொண்டு வந்து நிறுத்தினார். அதை நினைத்ததும் அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. காலை இழுத்தால் வரவில்லை. சிரிப்பும் நிற்கவில்லை.

போஜன் பதறிப்போய் ஒரு காலைத் தூக்கினார்.

தூக்கிய கால் அப்படியே நின்றது.

பலகைக்குக் கீழே, அவர் மிதிக்க இருந்த இடத்தில், அடுத்து அளக்க வேண்டும் என்று அவள் நட்டுவைத்த குச்சி.

காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"நான் எறங்க மாட்டனுங்க. இங்க இன்னும் அளக்கலீங்களே."

பலகை மேல் குத்தவைத்து உட்கார்ந்தார். மண்வெட்டியின் இரும்பைத் தன் பக்கம் வைத்துக்கொண்டு, பிடியை அவளிடம் நீட்டினார்.

அவள் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.