இறங்கியதும் சொல்லலாம்

வேதமுத்து தோள்துண்டை நான்காய் மடித்துச் சைக்கிள் கேரியரில் போட்டு, அதன்மேல் உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டினார்.

ஏறு என்று அர்த்தம். கல்யாணமான நாளிலிருந்து அந்தத் தட்டுதான்.

தங்கபாய் இடதுபக்கம் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தாள். வானத்தில் போய்வந்தது புருஷன், பயம் அவளுக்கு.

எழுபத்தொன்பதாம் வருஷம், ஈஸ்டருக்கு மறுநாள். கழுகுமலைக்கு இந்தப் பக்கம் ஒரு தரிசில் குட்டி விமானம் வந்து நின்றிருந்தது. டிக்கெட் வாங்கினால் மலையை ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டி இறக்கிவிடுவார்கள் என்று சங்கரன்கோவில் முழுக்கப் பேச்சு.

துபாயிலிருந்து லீவில் வந்திருந்த கடையநல்லூர் சலாவுதீன்தான் டிக்கெட் எடுத்தான். வேதமுத்துவோடு ஒரே பெஞ்சில் படித்தவன்.

"தறிக்கூடத்துக்குள்ளேயே உன் காலம் போயிரும்லே. ஒருக்கா மேலே வந்து பாரு."

எலுமிச்சம்பழச் சோற்றைத் தூக்கில் கட்டிக்கொண்டு இரண்டு சைக்கிளில் மூன்று பேருமாக விடிகாலையில் புறப்பட்டார்கள்.

தங்கபாயிடம் ஒரு செய்தி இருந்தது. பெரிய வெள்ளிக்கு முந்தின நாள்தான் டாக்டரம்மா உறுதியாகச் சொல்லியிருந்தாள். ஊர் கேட்டுக் கேட்டு அலுத்து, கேட்பதையே விட்டுவிட்ட பிறகு வந்த செய்தி.

சொன்னால் விமானம் ஏறமாட்டார். ஆகாயத்தில் எங்கேயாவது இரைச்சல் கேட்டால் சாப்பாட்டுக் கையோடு வாசலுக்கு ஓடுகிற மனுஷர். இந்த ஒரு ஆசையையும் ஏன் கெடுக்க?

இறங்கியதும் சொல்லலாம் என்று வைத்துக்கொண்டாள்.

என்ஜின் உறுமியதும் சலாவுதீன் பக்கத்துக் காட்டில் வெடித்திருந்த பருத்தியைப் பிய்த்து வந்து, தன் காதில் வைத்துக்கொண்டு மீதியை நீட்டினான்.

"இது பெரிய பிளேன் மாதிரி இல்லலே. காதைக் கிழிச்சிரும்."

"எனக்கேவாலே பஞ்சு குடுக்கே? தெனமும் அதோடதானலே கெடக்கேன்" என்று சிரித்தபடி வாங்கிக்கொண்டார் வேதமுத்து.

விமானம் மேலே இருந்தவரைக்கும் தங்கபாய் அண்ணாந்து பார்க்கவில்லை. சைக்கிள் சீட்டை இறுகப் பிடித்துக்கொண்டு ஜெபம் பண்ணினாள். சக்கரம் தரையில் உருளுகிற சத்தம் கேட்ட பிறகுதான் ஆமென் சொன்னாள்.

ஆபத்து முடிந்துவிட்டது. இனி வீட்டுக்குச் சைக்கிளில் போகவேண்டியதுதான் பாக்கி.

சலாவுதீன் முன்னால் வெகுதூரம் போய்விட்டான். வேதமுத்து மிதித்துக்கொண்டே ஊருக்குக் கேட்கிற மாதிரி கத்தினார்.

"மேலேருந்து பாத்தா நம்ம ரோடு கோவணத் துணி மாதிரி கெடக்கு தங்கம்!"

"மெதுவா பேசுங்க. காட்டுல நிக்கவங்க எல்லாரும் பாக்காவ."

அவர் குறைக்கவில்லை. சந்தோஷத்தில் கத்துகிறார் என்று விட்டுவிட்டாள்.

வெயில் ஏறியிருந்தது. இரண்டு பக்கமும் பருத்தி வெள்ளையாய் நின்றது. அவர் முதுகில் சட்டை வியர்வையில் ஒட்டியிருந்தது. தங்கபாய் அதில் நெற்றியைச் சாய்த்தாள். கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள்.

"நமக்குப் பிள்ளை வரப்போவுது."

"ஆமா ஆமா!" என்றார் வேதமுத்து. என்றவர் எழுந்து நின்று மிதித்தார். சைக்கிள் பறந்தது.

அது போதுமாயிருந்தது அவளுக்கு.

பின்னால் லாரி ஹார்ன் அடித்தது. ஒற்றைத் தார் ரோடு. ஹார்ன் கேட்டால் சைக்கிள்காரன் மண்ணில் இறங்கிவிடுவான். அதை நம்பித்தான் லாரிக்காரனும் வருவான். இறங்கிவிடுவார் என்று அவளும் கண்ணைத் திறக்காமல் இருந்தாள்.

ஹார்ன் மறுபடி அடித்தது. விடாமல் அடித்தது.

அவள் இடதுபக்கம் மண்ணில் விழுந்தாள். அவர் ரோட்டில் கிடந்தார்.

வயிற்றுப்பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை.

மகள் ஞானரத்தினம் பேசத் தெரிந்த நாளிலிருந்து ஒரே கேள்வியைத்தான் கேட்டு வந்தாள். நான் வரப்போறது அப்பாவுக்குத் தெரியுமா? தங்கபாயும் ஒரே பதிலைத்தான் சொல்லிவந்தாள். சொன்னேன், ஆமா ஆமான்னாவ, எந்திரிச்சு நின்னு மிதிச்சாவ.

அதற்குமேல் சொல்வதில்லை.

விபத்து நடந்த அன்று சாயங்காலம், அவரை ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்து உள்ளறையில் கிடத்தியிருந்தார்கள். ஆண்கள் குளிப்பாட்டினார்கள். கதவுக்கு வெளியே தங்கபாய் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அழுது ஓய்ந்திருந்தாள். வந்தவர்களிடமெல்லாம் ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தாள்: தெரிஞ்சுக்கிட்டுத்தான் போனாவ.

வேதமுத்துவின் அண்ணன் பவுல்பாண்டியன் கதவை ஒருக்களித்துப் பஞ்சு கேட்டார். மூக்கிலும் காதிலும் வைக்க.

அவளே எழுந்து போய்த் தலையணை ஓரத்தைப் பிரித்துப் பஞ்செடுத்துக் கொண்டுவந்தாள். அவர் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டார்.

"காதுக்கு வேண்டாம் தாயி. ஏற்கெனவே இருக்கு."

"ஒண்ணுலயா அத்தான்?"

"ரெண்டுலயும்."

தறிச் சத்தத்துக்குத் தினமும் பஞ்சு வைத்துப் பழகியவர்களுக்கு அது காதில் இருப்பதே தெரியாது. வேலை நாளில் வாசல் ஏறும்போதே தங்கபாய் எடுத்துவிடுவாள். அதன் பிறகுதான் வீட்டில் பேச்சு.

கதவு இடுக்கு வழியே அவர் முகத்தின் ஒரு பக்கம் தெரிந்தது. சலாவுதீன் பிய்த்துக் கொடுத்த காட்டுப் பஞ்சு. காய்ந்த இலைத் துணுக்கு ஒன்று அதில் ஒட்டியிருந்தது. அத்தனை தண்ணீர் ஊற்றியும் அது போகவில்லை.