சிவப்புத் துணிப்பிடி

இலக்கியாவுக்கு விமானத்திலிருந்து பாராசூட்டில் குதிக்க ஆறு மாசத்துக்கு ஒருதரம்தான் வாய்க்கும். கை மறந்துவிடக் கூடாதென்று பழைய பள்ளிக்கூடப் பையில், பாராசூட்டில் இருப்பதுபோலவே சிவப்புத் துணியால் ஒரு பிடி தைத்து, எறையூர் வீட்டில் ஆணியில் மாட்டியிருந்தாள். ஊருக்கு வந்தால் அதை முதுகில் மாட்டி, பெஞ்சில் குப்புறப் படுத்து, பிடியை இழுத்து இழுத்துப் பழகுவாள்.

"காலேஜு படிச்சது பெஞ்சுல குப்புறப் படுக்கவாடி?" என்பாள் அம்மா லீலாவதி.

"மேல போயி கை மறந்துட்டா நீயா வந்து இழுப்ப?" என்று சீறுவாள் இவள்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்தேகாலுக்கு, கர்நாடகத்தில் குதித்தபோது, பாராசூட் முறுக்கிக்கொண்டது. அதைக் கழற்றிவிடும் சிவப்புப் பிடியை இழுக்க வேண்டும். கை மரத்துப்போய் அசையவேயில்லை. ஆனாலும் முறுக்கிய பாராசூட் தானாகக் கழன்றது. மாற்றுப் பாராசூட் விரிந்தது. தரையிறங்கிப் பார்த்தால், பிடி இருந்த இடத்திலேயே இருந்தது.

ஊருக்கு வந்தவளிடம் அம்மா ஒரு சிவப்புத் துணியை நீட்டினாள். "ஞாயித்துக்கெழம பத்தேகாலு பஸ்ஸு போனப்ப, பையிலேருந்து படார்னு பிஞ்சு அடுப்படி வரைக்கும் வந்து விழுந்துச்சு. வூட்ல என்னத் தவிர யாருமில்ல. எலியா இருக்கும்."

யாருக்கும் நன்றி சொல்லிப் பழகாத இலக்கியா அந்தத் துணியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகு ஊசியெடுத்து அதே இடத்தில் தைத்தாள். அழுத்தித் தைக்கவில்லை. இழுத்ததும் பிய்ந்து வரட்டுமென்று, ஒற்றை நூலில் தைத்தாள்.